சத்தம் போடாத பல்லிகள்

ஆற்று மணலை ஏழு தண்ணீரில் அலசினால் போதும் என்பார்கள். எனக்கு ஒன்பது ஆனது. எட்டாவது தண்ணீரிலும் கலங்கல் இருந்தது. வாளியின் அடியில் ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்தேன். அது பளிச்சென்று தெரிந்த பிறகுதான் மணலை அள்ளி மாடியில் காயவைத்தேன்.

தனக்கொடி மேடம், நீங்கள் ஸ்டேஷனில் என் முன்னால் வெள்ளைத்தாளை வைத்து, "முதல்லேர்ந்து எழுது, எதையும் வுட்டுடாத" என்றீர்கள். முதலில் இருந்து என்றால் அது மணலில் இருந்துதான். நடுவிலிருந்து தொடங்கினால் நான் ஏதோ கோபக்காரன் போலத் தெரிவேன். எனக்குக் கோபம் வராது. வில்லியனூரில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் விசாரித்துப் பாருங்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரு கண்ணாடிகூட என் கையில் உடைந்ததில்லை.

என் பெயர் புகழேந்தி, வயது நாற்பத்திரண்டு, ஊர் உறுவையாறு. என் தங்கை அருள்மொழிக்கு முப்பத்திநாலு. அப்பா அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கீழே கான்கிரீட் வீடு. கூடத்திலிருந்தே படி ஏறும். மேலே தகர ஷீட் போட்ட ஒரே ஒரு ரூம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை இருக்கும்போது அண்ணன் முந்திக்கொள்வது முறையில்லை.

தங்கைக்கு வரன் வராமல் இல்லை. மூன்று வந்தது. பாகூரில் ஒரு பள்ளிக்கூட கிளார்க், திண்டிவனத்தில் ஒரு மெடிக்கல் கடைக்காரர், கண்டமங்கலத்தில் ஒரு டிரைவர். மூன்றையும் நான்தான் வீட்டுக்கு வரவழைத்து, பஜ்ஜி, கேசரி எல்லாம் செய்யவைத்தேன். அவர்கள் போன பிறகு அண்ணனும் தங்கையும் கூடத்தில் உட்கார்ந்து பேசுவோம். அவள் "உனுக்கு இன்னாணா தோணுது?" என்பாள். நான் நல்லது கெட்டது இரண்டையும் சொல்வேன். "பையன் நல்லவன்தான். ஆனா சரிப்படாதுன்னு தோணுதும்மா" என்று நான் சொல்லி முடிக்கும்போது பல்லி சொல்லிவிடும். ச்சு, ச்சு, ச்சு. அவள் உடனே விரலால் தரையை மூன்று தட்டுத் தட்டுவாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பல்லி சொல்லில் அப்படி ஒரு நம்பிக்கை. அதற்கு மேல் பேச்சே இருக்காது. மறுநாள் நான் போன் பண்ணி, ஜாதகம் பொருந்தவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுவேன்.

அருள்மொழி திருபுவனைப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். அதே கம்பெனி லேபில் மணிபாரதி இருந்தார். அபிஷேகப்பாக்கத்துக்காரர். இருவரும் பழகிய விஷயம் எனக்குத் தெரியும். நீங்கள் முதல் நாள் சாதியா என்று கேட்டீர்கள். இல்லை. தேடிப் பிடித்தாலும் அப்படிப் பொருந்தாது, இரண்டு பேரும் ஒரே சாதி. மாப்பிள்ளை குடிக்க மாட்டார், என்னை வாய் நிறைய மச்சான் என்பார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பொங்கலுக்கு அவர் அவளுக்குப் புடவை வாங்கித் தரவில்லை. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு பல்லிகளைக் கொண்டு வந்தார். சிறுத்தைப் பல்லி என்று பெயர். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, தடித்த வால். சுவரில் ஏறத் தெரியாது. தரையிலேயே நடக்கும். நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு, கண்ணை மூடித் தூங்கும். இரண்டும் பொட்டை. சென்னையில் ஒருவரிடம் ரசீதோடுதான் வாங்கினார், ரசீது அலமாரியில் இருக்கிறது. அது வேறு ஒரு கேஸாக ஆகிவிட வேண்டாம்.

"இதுல ஒரு விசேஷம் இருக்கு அருள்" என்றார் மணிபாரதி. "இது நம்ம வூட்டுப் பல்லி மாதிரி ச்சு கொட்டாது. அது பாட்டுக்குக் கம்முனு இருக்கும்."

அருள்மொழி சிரித்த சிரிப்பில் தட்டில் இருந்த காபி சிந்தியது. "அப்போ என் கல்யாணத்தக் கெடுக்காது" என்றாள்.

நானும் சிரித்தேன்.

தொட்டியை நான்தான் செய்தேன். மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், ஆறு எம்.எம் கண்ணாடி. சிலிக்கான் வாடை போக ஐந்து நாள் திறந்து வைத்தேன். புதுச்சேரிக் காற்றில் ஈரம் அதிகம், பாலைவனத்துப் பிராணிக்கு அது ஆகாது. அதனால் மூடி முழுக்க வலை. அடியில் கடப்பா கல் துண்டுகளைப் பரப்பி, இடுக்கில் மட்டும் அந்த மணலைச் செம்மண்ணோடு பிசைந்து காயவைத்துப் பூசினேன். வெறும் மணலைக் கொட்டினால் பூச்சியோடு சேர்த்து விழுங்கிவிடும், வயிறு அடைத்துச் செத்துவிடும். வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் நெல்வயல், நடுவில் மூன்றடிப் பாலைவனம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

தொட்டியில் முக்கியமான விஷயம், ஒரு பக்கம் சூடாகவும் மறு பக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சூட்டுப் பக்கம் முப்பத்திரண்டு டிகிரி, மறு பக்கம் இருபத்தாறு. எது வேண்டுமோ அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். தோல் உரிக்கும் சமயத்துக்கு ஈரத் தேங்காய் நார்த்தூள் போட்ட ஒரு டப்பா. சாப்பாட்டுக்கு உயிரோடு சில்வண்டு. அதைக் கால்சியம் பொடியில் போட்டுக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடலாம், இதுகளுக்குப் போட முடியாது என்று அருள்மொழி சொல்வாள். அவளுக்கு ஷிப்டு. அதனால் வேளைக்கு வேளை கவனித்தது நான்தான். சூட்டை ஒரு நோட்டில் குறித்து வைப்பேன். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது.

வேலை முடிந்து வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். சூடு ஒரு பக்கம், குளிர்ச்சி ஒரு பக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, ஒளிந்துகொள்ள ஒரு சட்டி. ஓர் உயிருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அதுகள் ஒரு நாளும் கண்ணாடியைச் சுரண்டியதில்லை.

இன்னொன்றும் மணிபாரதி சொன்னார். வீட்டுப் பல்லிகள் தொட்டிமேல் ஊர்ந்தால் அவற்றின் கிருமி இதுகளுக்குத் தொற்றும். தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேருமாக வீட்டுப் பல்லிகள் எல்லாவற்றையும் துடைப்பத்தால் விரட்டினோம். டியூப்லைட்டுக்குப் பின்னால், காலண்டருக்குப் பின்னால், சாமி படத்துக்குப் பின்னால். பதினேழு. ஜன்னல்களுக்கெல்லாம் நான் வலை அடித்தேன். கடைசிப் பல்லி துள்ளிப் போய் வாசலில் இருந்த மாட்டுக் கழுநீர்ப் பானையில் விழுந்தது. பக்கத்து வீட்டுக் காசம்மாள் அக்கா, "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்று கைகொட்டிச் சிரித்தாள்.

"இனிமே நம்ம வூட்ல இதுக்கும் அதுக்கும் ச்சு கொட்ட ஆளே இல்லணா" என்றாள் அருள்மொழி. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயிலில் நின்ற அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரு யோசனை வந்தது. தெருப் பிள்ளைகள் வந்து கண்ணாடியைத் தட்டுகிறார்கள், தொட்டியை மாடி ரூமுக்கு மாற்றிவிடலாமா என்று. எதையும் சோதிக்காமல் செய்ய மாட்டேன். தெர்மாமீட்டரை மேலே வைத்து மூன்று நாள் பார்த்தேன். மத்தியானம் ஒரு மணிக்கு, ஃபேன் ஓடும்போதே நாற்பத்திநாலு. ஃபேனை நிறுத்தினால் நாற்பத்தியேழு. பாலைவனத்துப் பல்லியே தாங்காது. "மாடி ரூம் ஆகாது" என்று நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டேன். நீங்களும் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள்.

மே மாதம் அருள்மொழி, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதிவுக் கல்யாணம் என்றாள். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். கூடத்தில் உட்கார்ந்து பேசவும் இல்லை. நின்றுகொண்டே, தலைவாரிக்கொண்டே சொன்னாள். அன்று சாயங்காலமே பல்லிகளோடு அபிஷேகப்பாக்கம் போவதாக ஏற்பாடு.

எனக்கு ஆட்சேபம் அதில் மட்டும்தான். கத்திரி வெயிலில் அதுகளை இடம் மாற்றக் கூடாது. பயந்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிடும். கொழுப்பெல்லாம் வாலில்தான் இருக்கிறது, வால் போனால் பாதி உயிர் போன மாதிரி. கத்திரி முடியட்டும் என்றேன். அப்புறம் ஆனி, ஆனி முடிந்தால் ஆடி, ஆடியில் யாரும் கல்யாணம் செய்வதில்லை.

"பல்லிக்கோசரம் கல்யாணத்தத் தள்ளி வெக்கச் சொல்றியாணா?"

"அதுங்க வாயில்லா ஜீவன்மா."

"அப்போ நீயே வெச்சுக்கோ. பல்லி, தொட்டி எல்லாம் உனுக்குத்தான். நான் எம் பொட்டிய மட்டும் எடுத்துக்குனு போறேன்."

அவள் அப்படிச் சொன்னது உண்மை. எதையும் விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். ஆனால் அது பொறுப்பில்லாத பேச்சு. அதுகள் அவள் கை வாசனைக்குப் பழகியவை. அதைச் சொன்னேன். அவள் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பல்லியின் தலையைத் தடவினாள். அது கண்ணை மூடிக்கொண்டது.

புதன்கிழமை காலை பெட்டியை எடுக்க அவள் மாடி ரூமுக்குப் போனாள். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணி கடந்தால் போதும், தேதி தள்ளிப்போகும், அதுதான் என் எண்ணம். உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர், பிஸ்கட், பாய், பக்கெட் எல்லாம் செவ்வாய்க்கிழமையே வைத்துவிட்டேன். பழைய மேசையை ஜன்னல் இல்லாத பக்கமாகத் தள்ளி அதன் அடியில் பாயைப் போட்டிருந்தேன். அந்த மூலை மற்ற இடத்தைவிட ஒன்றரை டிகிரி குறைவு. அவள் போன் கீழே சார்ஜில் இருந்தது.

வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகினேன். இது நானாக யோசித்தது. நீங்கள் இந்தப் பக்கம்தான், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மை போட்ட வீட்டு நிலையில் வேப்பிலை தொங்கினால் ஒருவரும் படி ஏற மாட்டார்கள். மணிபாரதிக்கு அவள் போனிலிருந்து, "அம்மை போட்டுடுச்சு. மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் வராதீங்க. பேச முடியல" என்று அனுப்பினேன். கம்பெனிக்கும் அதையே அனுப்பினேன்.

அவள் தட்டினாள், கத்தினாள். காசம்மாள் அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"ஆத்தா எறங்கியிருக்காளா புகழு?"

"ஆமாக்கா."

"கதவத் தொறக்கச் சொல்லிக் கத்துறாளே."

"ஜுரத்துல பொலம்புறா. காத்து படக்கூடாதுன்னு சாத்தி வெச்சிருக்கேன்."

"அதுவும் சரிதான். ஆத்தா உக்கிரமாத்தான் இருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழை மதில்மேல் வைத்துவிட்டுப் போனாள். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது. தாளிப்பு வாசனை அந்தப் பக்கம் போனால் நன்றாக இருக்காது என்று நானும் வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். கூழை மேலே கொண்டுபோய்க் கதவை ஒரு சாண் திறந்தேன். அவள் சொம்பைத் தட்டிவிட்டு இடுக்கில் கையை நுழைத்தாள். கையை நசுக்காமல் மெதுவாகத்தான் சாத்தினேன். தண்ணீர் பாட்டிலில் கால் பாகம்கூட இல்லை. அதைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை பராமரிப்பு வேலைக்காக எங்கள் பக்கம் காலை பத்து முதல் மாலை நான்கு வரை கரண்ட் இருக்காது. அது செவ்வாய்க்கிழமையே பேப்பரில் வந்துவிட்டது. அந்தத் துண்டை வெட்டித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருந்தேன். புதன்கிழமையே நான்கு பாட்டில் தண்ணீரை ஃப்ரிட்ஜில் உறையவைத்தேன். வியாழன் ஒன்பதரைக்கு இரண்டு பல்லிகளையும் டப்பாவில் எடுத்து மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். எங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். சுற்றிலும் ஐஸ் பாட்டில்கள், மேலே ஈரத்துணி. டப்பாவுக்குள் நாள் முழுக்க இருபத்தொன்பதைத் தாண்டவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான்கு பத்துக்குக் கரண்ட் வந்தது. மேலே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. பல்லிகளைத் தொட்டியில் விட்டு, சூடு முப்பத்திரண்டுக்கு வருகிறதா என்று பார்த்தேன். ஆளுக்கு மூன்று சில்வண்டு போட்டேன். இரண்டும் சாப்பிட்டன. வால் பத்திரமாக இருந்தது.

ஐந்து மணிக்கு மணிபாரதி வந்தார். கையில் இளநீர், சிவப்பு லோஷன், மாத்திரை. நான் வேப்பிலையைக் காட்டினேன். "எனக்குச் சின்ன வயசுலயே அம்மை போட்டுடுச்சு மச்சான், இனிமே தொத்தாது. ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்" என்றார். படித்தவர். அதை நான் எதிர்பார்க்கவில்லை. சாவியைக் கேட்டார். கொடுத்தேன். அதற்கப்புறம் நடந்தது உங்கள் எஃப்.ஐ.ஆரிலேயே இருக்கிறது. அவள் மேசைக்கு அடியில் இல்லை, கதவோரத்தில் மூச்சில்லாமல் கிடந்தாள். வலது கை விரல் முட்டிகள் எல்லாம் தோல் உரிந்திருந்தன. அவர் இறங்கி வந்து என்னை அடிக்கவில்லை. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து குழந்தை போல அழுதார்.

மேடம், நேற்று ஒன்று கேட்டீர்கள். அவள் தட்டியது கேட்டதா, கேட்டும் ஏன் போகவில்லை என்று. கேட்டது. முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. இரண்டு மணி சுமாருக்கு மூன்று மூன்றாகத் தட்டினாள். மேலே நாற்பத்தியேழு இருக்கும் என்று எனக்குத் தெரியும், நோட்டில் எழுதியவனே நான்தான். பயமாக இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தும்விட்டேன். திறந்தால் போய்விடுவாள். போனால் அந்த வீட்டில் நான் யாரோடு உட்கார்ந்து எதைப் பேசுவது என்றும் பயமாக இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் எங்கள் வீட்டில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன். "தொறந்துடலாமா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. "வேணாமா?" என்று கேட்டேன். பல்லி சொன்னது. விரலால் தரையை மூன்று தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

எந்தப் பல்லி என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதிவிடுகிறேன். டப்பாவில் இருந்தவை ச்சு கொட்டாத ஜாதி. சுவரில் தை மாதத்திலிருந்து ஒரு பல்லி கிடையாது, தினம் டார்ச் அடித்துப் பார்க்கிறவன் நான். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துச் சட்டென்று இழுத்தால் அச்சாக அந்தச் சத்தம் வரும். பதினாலு வயதில் பழகினேன். தங்கைக்குச் சிரிப்புக் காட்டத்தான் பழகினேன். அவள் சிரிக்கவில்லை, நம்பினாள். பாகூர் வரனுக்குச் சொன்னது நான்தான். திண்டிவனத்துக்கும் கண்டமங்கலத்துக்கும் நான்தான். வியாழக்கிழமையும் நான்தான்.

ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். மாடிப்படி வழியாக அந்தச் சத்தம் மேலே போயிருக்கும். அது கேட்டதும் அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. பல்லி சொல்லிவிட்டால் அருள்மொழி மறுபேச்சுப் பேச மாட்டாள்.